தலைப்பில்லாத இலக்கங்கள்

கண்டி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். முருகன் புண்ணியத்தில் நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? ஹேவாஹெட்டப் பக்கம் மழையா?

தேயிலைக் கம்பெனிக் கந்தோரில் எனக்கு இப்போது கம்ப்யூட்டர் வேலை. தோட்டம், மாதம், கொழுந்து, செலவு எல்லாம் அதற்குள் ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கும். வேண்டியதை மட்டும் வெளியே எடுக்க, ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் என்று சில கட்டளை வரிகளை எழுதவேண்டும். கொழும்பு மெசினில் ஏற்றுவதற்காக, எது எதன் கணக்கு என்று காட்டும் தலைப்புகளை நீக்கி, இலக்கங்களை மட்டும் எடுப்போம்.

புதன்கிழமை அப்படி எடுத்த தாளைச் சரிபார்க்க, நான் தங்கும் அறைக்குக் கொண்டுபோனேன். வழியில் ஆமிக்காரர் என் பையைத் திறந்தார். தாள் முழுக்க வெறும் இலக்கம். “யாருக்கு ரகசியம் எழுதுறே?” என்று சிங்களத்தில் கேட்டார். எங்கள் மெனேஜர் வந்து, அது கந்தோர்க் கணக்கு என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். அடுத்த முறை அடையாள அட்டை இல்லாவிட்டால் விடமாட்டார்களாம்.

என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக் கமலாசனி அக்கா, “தலைப்போட எடுத்தா கொழும்பு மெசின் கத்தும், இல்லாட்டி ஆமி கத்தும் பிள்ளை” என்று சொல்ல, நானும் சிரித்துவிட்டேன்.

அட்டைக்கு எழுதிப்போட என் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தோட்டத்துத் துரையின் கடிதமும் வேண்டும். முடிந்தால் அப்பாவே கொண்டுவாருங்கள். அறைக்குப் போகாதீர்கள், நேரே கந்தோருக்கு வாருங்கள். ஒரு கம்பளியும் வேண்டும். அந்த வழியால் போகப் பயந்து இரண்டு இரவாக இங்கே கந்தோரிலேதான் படுக்கிறேன். சிமெந்துத் தரை குளிர்கிறது, வேறு ஒன்றுமில்லை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் மகள்
சிவனேஸ்வரி