ஒரே சுவரில் இரண்டு கடிகாரம்

பாப்பா அம்மாவுக்கு,

மூட்டை இறக்கிவிட்டு வந்த களைப்பில் தூங்கிவிட்டேன். கண் விழித்தால் சுவரில் மணி நாலு! பாப்பாவின் விமானம் இறங்கும் நேரம். இரண்டரைக்கே வருவதாகச் சொன்ன உன்னைக் காணோம். நேற்றுச் சண்டைக்குப் பழிவாங்குகிறாயா? நான் ஓடுகிறேன். சாவி எதிர்வீட்டு அக்காவிடம். குழம்பைச் சூடு பண்ணி வை.

சண்டையில் நீ சொன்னதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பாப்பா வெளிநாட்டில் இரண்டரைக்கு ஏறி இங்கே நாலுக்கு இறங்கினால் ஒன்றரை மணி நேரப் பயணம்தானே? "இல்லய்யா, நாலு மணி நேரம் பறக்குது. அந்த ஊரு மணி நமக்கு முன்னாடி ஓடுது" என்கிறாய். வானத்தில் நேரம் ரிவர்ஸ் கியரிலா வரும்? அதனால்தான் அவள் ஊர் நேரத்துக்கு நீ மாட்டிய கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பிறகு எழுதுவது: பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். அங்கே மணி ஒன்றரை! கண்டக்டர், "என்னண்ணே, யாரு துரத்துறாங்க?" என்கிறார். இரண்டும் ஒரே மாதிரி இருக்கவே, கோபத்தில் நம் ஊர்க் கடிகாரத்தைக் கழற்றியிருக்கிறேன். சுவரில் நான் பார்த்த நாலு அவள் ஊர் மணி. அங்கே இரண்டரைக்கு ஏறிய பாப்பா இன்னும் வானத்தில்தான் இருக்கிறாள். நீ சொன்னதே சரி. அவளிடம் சொல்லி என் மானத்தை வாங்காதே.

சாவியை வாங்கிக்கொண்டேன். உள்ளே படுத்திருக்கிறேன், வந்ததும் எழுப்பு. சேர்ந்தே போவோம்.

இரண்டு கடிகாரத்தையும் மாட்டிவிட்டேன். அவள் திரும்பிப் போனதும் நமக்கு அவள் ஊர்க் கடிகாரமும் வேண்டுமே.