ஆடியில் அடைக்காத ஓட்டை

20 ஜூலை 2004
நாங்கள் மாமல்லபுரம் ரிசார்ட்டுக்கு எழுதிக்கொடுத்த புரோகிராமில் பெரிய ஓட்டை. அறை பதிவு செய்யும் பக்கத்துக்கு, வேறு யாரோ எழுதி இலவசமாகத் தரும் ஒரு லைப்ரரியை, அதாவது தயார் நிரல் தொகுப்பைப் போட்டிருக்கிறோம். பெயர் கேட்கும் கட்டத்தில் அளவு மீறி எதையாவது அடித்தால் அது தடுமாறி, உள்ளே இருக்கும் விருந்தினர்களின் கிரெடிட் கார்டு எண்களைக் கக்கிவிடும். எழுதியவர்களே ஒப்புக்கொண்டு, திருத்திய வெர்ஷனும் வெளியிட்டுவிட்டார்கள். மாற்ற அரை மணி நேரம் போதும்.

முதலாளி கோதண்டராமன் சார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆடியில புதுசா எதையும் போட வேண்டாம், அன்பரசி. ஆவணி பொறக்கட்டும்."

படித்தது எம்.எஸ்ஸி. கணிதமாம்.

22 ஜூலை
ஆடித் தள்ளுபடியில் மூன்று சட்டை வாங்கிவந்து ஆபீஸ் முழுக்கக் காட்டினார். சட்டை புதுசில் சேராது போல.

4 ஆகஸ்ட்
ரிசார்ட்டில் தங்கிப்போன சிலருடைய கார்டில் வேறு எவனோ பொருள் வாங்கியிருக்கிறான். ரிசப்ஷனில் கார்டை வாங்கித் தேய்ப்பது என் தம்பி தாவீது. ஆகவே திருடனும் அவனே — மேனேஜர் ஸ்ரீனிவாசராகவனுடைய மூளை அவ்வளவுதான். வேலைக்கு வராதே என்று அவனை அனுப்பிவிட்டார். நாளை மறுநாள் போலீசில் கொடுப்பாராம்.

"எல்லார் முன்னாடியும் பைய கொட்டச் சொன்னாங்கக்கா. சோத்து டப்பாவகூட தொறந்து பாத்தாங்க. நான் இன்னா எடுத்தேன்?"

அம்மா சாப்பிடவில்லை.

5 ஆகஸ்ட்
சர்வரில் தேடினேன். போன வாரம் எவனோ பெயர்க் கட்டத்தில் பக்கம் பக்கமாகக் குப்பையை அடித்து உள்ளே வந்திருக்கிறான். சாரிடம் காட்டினேன். எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"இத வெளிய சொன்னா கம்பெனி மானம் போயிடும்மா. உன் தம்பிய கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொல்லு."

கம்பெனிக்கு மானம் உண்டு. தாவீதுக்குக் கிடையாது. அப்படித்தானே?

6 ஆகஸ்ட்
செங்கல்பட்டில் பஸ் ஏறி நேரே ரிசார்ட். மேனேஜருடைய கம்ப்யூட்டரிலேயே அந்தக் கட்டத்தில் குப்பையை அடித்தேன். வரிசையாகக் கார்டு எண்கள் வந்து விழுந்தன.

"இத... யார் வேணாலும் பண்ணலாமா?"

"யார் வேணாலும் சார். இங்க வேலை பாக்கணும்னுகூட அவசியமில்ல."

அங்கேயே லைப்ரரியை மாற்றினேன். மறுபடி அடித்தபோது, பெயர் மிக நீளம் என்று மட்டும் வந்தது. நடு ஆடி. கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

7 ஆகஸ்ட்
சொல்லாமல் போனதற்காகக் கோதண்டராமன் சார் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். இதற்கு ஆடி குறுக்கே வரவில்லை.

19 ஆகஸ்ட்
தாவீதைப் போன வாரமே மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் மேனேஜர் வாயில் வரவில்லை. "ஏதோ டெக்னிக்கல் தப்பு" என்றாராம்.

அதனால் யார் கார்டை நீட்டினாலும் தாவீது தனியாகத் தொடுவதில்லை. "சார், கொஞ்சம் வந்து பாருங்க சார்" என்று மேனேஜரைக் கூப்பிடுகிறான். நேற்று பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு வந்தாராம். ஒவ்வொரு தடவையும் வந்து பக்கத்தில் நிற்கிறார்.

நிற்கட்டும்.