லாரிக் கொட்டகையின் உயரம்

இராயபுரம்,
14-10-1953

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு, தங்கபுஷ்பம் எழுதிக்கொண்டது.

பிள்ளைகளும் நானும் சுகம். சின்னவளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி குடிக்கிறாள். உடன்குடியில் உங்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இந்த வருஷம் கருப்பட்டி ஈரமாக இருக்கிறது என்று ஆறுமுகநயினார் அண்ணாச்சி சொன்னார். உடைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள். நேற்றுக் காலையில் நம் லாரிக் கொட்டகையைப் பார்க்க கார்ப்பரேஷன் இன்ஸ்பெக்டர் வந்தார். பிளானில் பத்தடி காட்டிவிட்டுப் பதினெட்டு அடி எழுப்பியிருக்கிறோமே, அந்த நோட்டீஸ் விசாரணைதான். ஆபீஸ் சமாசாரமெல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று நான் பாட்டுக்கு இருந்தேன். நீங்கள் என்னவென்றால், ஊருக்குப் புறப்படுமுன் அங்கே போய், பின்வீட்டுக்காரர்கள் சம்மதத்தோடுதான் கட்டினேன் என்று சொல்லிவைத்திருக்கிறீர்கள். இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

எந்தச் சம்மதம் அத்தான்? பின்வீட்டுப் பச்சையம்மாக்காவிடம் யார் கேட்டது? சுவர் ஏறிக்கொண்டிருந்தபோது அவளாகத்தான் வந்து, இன்னாம்மா இவ்ளோ ஒசரம் போவுது, எங்க வூட்டுக்குக் காத்து வருமா என்று கேட்டாள். நீங்கள் கொத்தனாரிடம் ஏதோ பேசுகிறமாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். இன்னும் ரெண்டு வரிசைதான் அக்கா என்று நான் மழுப்பி அனுப்பினேன். அதற்குப் பேர் சம்மதமா?

ஏன் அவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சனிக்கிழமை பொழுது சாயத்தான் லோடு வந்து சேருகிறது. ஞாயிற்றுக்கிழமை மூட்டை இறக்கக்கூடாது என்பது மாமா காலத்திலிருந்து நம் வீட்டு வைராக்கியம். போன ஐப்பசி மழையில் தெருவில் நின்ற லாரியிலிருந்து கருப்பட்டி கரைந்து சாக்கடையில் ஓடியதை நானும்தான் பார்த்தேன். அதனால் மூட்டை அடுக்கியபடியே லாரி உள்ளே நுழைந்து திங்கட்கிழமை வரை நிற்கிற அளவுக்குக் கட்டினீர்கள். கடைத்தெருவில் மற்றவர்கள் சிரித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஓய்வுநாளைக் காப்பாற்ற ஒரு கொட்டகை, அந்தக் கொட்டகையைக் காப்பாற்ற ஒரு பொய். எந்த வாயால் நான் ஜெபம் பண்ணுவது?

இன்ஸ்பெக்டர் என்னைத்தான் முதலில் கேட்டார். உங்கள் வீட்டுக்காரர் சொன்னது நிஜமா அம்மா என்றார். இல்லை என்று நான் சொன்னால் உங்கள் பேர் போகும். ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சரி, பின்வீட்டம்மாவைக் கூப்பிடுங்கள் என்றார்.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, ஆமா சார், நாங்கதான் கட்டிக்கச் சொன்னோம், எங்களுக்கு ஒரு பேஜாரும் இல்ல என்று சொல்லிக் கைநாட்டும் வைத்துவிட்டாள். அவரும் திருப்தியாகப் போய்விட்டார். இனி உங்கள் கொட்டகையை யாரும் அசைக்க முடியாது.

அவர் தெரு முனை திரும்பியதும், ஏன் அக்கா இப்படிச் சொன்னாய் என்று அழுதுகொண்டே கேட்டேன். உன் வூட்டுக்காரரைப் பொய்யருன்னு நான் சொல்லிட்டா, நீ நாளைக்கு எப்படிம்மா இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடப்பே என்று கேட்டுவிட்டு, அடுப்பில் சோறு கொதிக்குது என்று போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் புருஷன் வரதன் அண்ணனைப் பற்றியும் எழுத வேண்டும். துறைமுகத்தில் கரி இறக்கி இறக்கி அவர் நெஞ்சு கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியும். சாயந்திரம் கடற்காற்று வந்தால் பின்வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்து நிம்மதியாக மூச்சு விடுவார். இப்போது அங்கே இலைகூட அசைவதில்லை. அவர் இழுத்து இழுத்து மூச்சு வாங்குவது நம் சமையலறை வரைக்கும் கேட்கிறது. நேற்றிலிருந்து கட்டிலைத் தெருவில் போட்டிருக்கிறார்கள். போகிற வருகிறவர்கள் கேட்டால், உள்ளே புழுக்கம் என்று மட்டும் சொல்கிறாள். நம் பேரை அவள் எடுக்கவில்லை. சின்னவள் பிறந்து அம்மா வந்து சேரும்வரை எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப்போட்டவள் அவள். அவள் புருஷன் மூச்சை அடைத்துவிட்டு நான் சோறு தின்றுகொண்டிருக்கிறேன்.

உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். இத்தனை வருஷத்தில் நான் உங்களை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை, நேற்றுச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் போனேன். மேல் எட்டு அடியையும் இறக்கிவிடுங்கள். லோடு நனைந்தால் நனையட்டும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமையே வந்து சேருகிறமாதிரி அங்கிருந்து ஏற்றிவிடுங்கள். வருகிற மாதம் முதல் ஞாயிறு கோயிலில் நற்கருணை. அதற்குள் நீங்கள் வராவிட்டால் நான் பந்திக்குப் போகமாட்டேன். சபை ஐயர் காரணம் கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து இறங்கியதும் பெட்டியைக்கூட வைக்க வேண்டாம், நேரே பின்வீட்டுக்குப் போவோம். நானும் உங்களோடு வருகிறேன். தனியாகப் போய் அந்த அண்ணன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகவில்லை, அத்தான்.

இப்படிக்கு,
உங்கள் வரவையே பார்த்திருக்கும்
தங்கபுஷ்பம்