இருநூற்றுப் பதினேழு லா

அன்புள்ள அக்கா,

என் நாவல் வந்துவிட்டது! அதையே மடியில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்தைத் திட்டாதே.

போர்ட் கிள்ளானில் நம் பிளாட், அப்பாவின் லோரி, மாடிப்படியில் அடிக்கும் மீன் வாடை எல்லாம் அதில் இருக்கிறது. நீதான் கதாநாயகி, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். நீ வீட்டை விட்டுப் போன அன்றைக்கு யார் கத்தினார்கள் என்பதையும் உள்ளபடியே எழுதிவிட்டேன்.

ஒரு கூத்து கேள். சென்னையில் மெய்ப்புப் பார்த்தவர், நீ பேசும் இடங்களில், நம் ஊர்ப் பேச்சில் வாக்கியக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வை எல்லாம் எழுத்துப்பிழை என்று அடித்துவிட்டார். இருநூற்றுப் பதினேழு! உடனே போன் போட்டேன்.

"என்ன மேடம், ஒரு லாவுக்கா இவ்வளவு சண்டை?"

"லா இல்லாட்டி அது எங்க அக்காவே இல்ல சார்!"

ஒன்று விடாமல் திரும்பச் சேர்க்க வைத்தேன். ஆறு வருடத்துக்கு முன் ரயில் ஏறும்போது நீ சொன்ன "போயிட்டு வரேன்லா" உட்பட.

நாவலில் அக்கா மறுவாரமே அதே ஸ்டேஷனில் வந்து இறங்குகிறாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் வெளியீடு. எது உண்மை, எது கற்பனை என்று கட்டாயம் கேட்பார்கள். அந்த ஒரு பக்கம்தான் கற்பனை.

அதையும் உண்மையாக்கிடேன்லா.

கத்தியவள்,
உன் தங்கை