மிச்சச் சுண்ணாம்பு

இன்று காலை கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியது. நாளை ஆன்மாக்கள் திருநாள். ஆளாளுக்கு வாளியும் மட்டையுமாகத் தங்கள் வீட்டுக் குழிகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு வாளியோடுதான் வந்தேன். எதற்கென்று உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

நீ இங்கே குழிவெட்டியாக இருந்தபோது இந்த ஒரு வாரம் உன்னைப் பிடிக்கவே முடியாது. தேயிலைத் தோட்டத்துத் துரை, டாக்டர், வெள்ளைக்காரச் சுவாமி, பத்திரம் எழுதும் நொத்தாரிஸ் என்று பெரிய ஆட்களெல்லாம் பளிங்கும் சிலுவையுமாக முன்வரிசையில் படுத்திருப்பார்கள். அவர்களுக்குப் பூசி மிஞ்சிய சுண்ணாம்பை நீ கொட்டமாட்டாய். தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டு மதில் ஓரத்துக் கடைசி வரிசைக்குப் போவாய். அங்கே கல்லும் கிடையாது, பெயரும் கிடையாது. மண்மேடும் சுற்றிப் பதித்த நாலு கருங்கல்லும்தான். "இது நாவுல டவுன்ல பஸ்ல அடிபட்ட மரக்கறிக்காரரு. இது பிரசவத்துல போன பொண்ணு. இவங்களுக்கு வர ஆளில்ல, நாமதான்டா பூசணும்" என்பாய். ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் அத்தனை பேரும் உன் தலைக்குள் இருந்தார்கள்.

கோயிலின் நூற்றாண்டு மலருக்கு, இங்கே துயிலும் பெரியோர்களைப் பற்றி என்னை எழுதச் சொன்னார் பங்குச் சுவாமி. நான் பள்ளிக்கூடத்து கிளார்க். எழுத்து வேலை என்றால் என்னைத்தான் தேடுவார்கள். மூன்று நாள் நீ பாசி சுரண்டி எழுத்தைக் காட்டினாய். நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். "கடைசி வரிசையையும் போடேன்டா" என்று கேட்டாய். "அவங்களப் பத்தி யாருடா படிப்பா?" என்றேன். பன்னிரண்டு பெரியோரோடு கட்டுரை வந்தது. கீழே என் பெயர் மட்டும்.

அதைக் கேள்விப்பட்டுத் துரையின் பேரன் சீமையிலிருந்து வந்தார். நீதான் கல்லைத் துடைத்துக் காட்டினாய். "யார் இவர்?" என்று இங்கிலீஷில் என்னிடம் கேட்டார். "சும்மா ஒரு கூலி" என்று நானும் இங்கிலீஷிலேயே சொன்னேன். அந்த ஒரு சொல் உனக்கு விளங்காமல் போகுமா? அந்தத் துரையின் தோட்டத்தில், கூலிகளுக்குக் கட்டிய ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள் நாம். வாசலைப் பூட்டும்போது சிரித்துக்கொண்டே கேட்டாய்: "நான் கூலி. அப்ப நீ யாருடா?"

அடுத்த ஜூலைக் கலவரத்தில் தமிழர் கடைவீதி எரிந்தபோது, என் மனைவியையும் பிள்ளைகளையும் உன் மண்வெட்டிக் கொட்டிலில் வைத்துப் பூட்டி, இரண்டு நாள் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாய். அப்போதுகூட அந்தச் சொல்லை நீ எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

சில வருஷம் கழித்து நீ மாரடைப்பில் போனாய். ஊரில் ஊரடங்கு. உன்னை அடக்க முடிந்தது அதைத் தளர்த்திய இரண்டு மணி நேரத்துக்குள்தான். "ஊரடங்குல வர முடியலைங்க" என்றுதான் இத்தனை காலமும் கேட்டவர்களிடம் சொல்லி வந்தேன். பொய். நான் அரிசிக்கு வரிசையில் நின்றேன். நின்ற இடத்திலிருந்து இந்த வாசல் தெரியும். உன் பெட்டி உள்ளே போனதைப் பார்த்தேன். நகர்ந்தால் வரிசையில் இடம் போய்விடுமே என்று நின்றேன். இதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

உனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. உன்னைக் கடைசி வரிசையில் புதைத்த இரண்டு தோட்டத்து ஆட்களும் வடக்கே வவுனியாப் பக்கம் போனவர்கள்தான், திரும்பவில்லை. இத்தனை வருஷம் கடைசி வரிசைப் பக்கம் கால் வைக்காமலே இருந்துவிட்டேன். இன்று போய் நின்றால், புல் மூடிய பதினாலு மேடுகள். எது நீ? யாரிடம் கேட்பது? இதைச் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான்.

பக்கத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கேட்டார். "யாரைங்க தேடுறீங்க?"

"என் கூட்டாளியை."

"பேரு எழுதி வைக்கலீங்களா?"

"எழுதலைங்க" என்றேன். எழுத வேண்டியவன் நான்தான்.

நான் கொண்டு போனது ஒருவனுக்கான சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டுக் கலக்கி, மரக்கறிக்காரரா, பிரசவத்தில் போன பெண்ணா என்று தெரியாமலே பதினாலு மேட்டுக்கும் பூசினேன். பூசி முடிக்க மத்தியானம் ஆயிற்று. விரலெல்லாம் வெந்துபோய் எரிகிறது. அடுத்த வருஷமும் பதினாலுக்கும் பூச வேண்டும்.