போணிக்கு முந்தின சைபர்

செவ்வாய், 9

புழுக்கம். ஆபீஸ் ஏசி மறுபடி சொதப்பல். வாங்க: பால், மாவு, போன் சார்ஜர்.

பரவை மார்க்கெட் காய்கறிக் கடைகளுக்கு நாங்கள் செய்த விற்பனைக் கணக்கு ஆப். இலவசக் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. கடைக்காரர்கள் தொடரவில்லையென்றால் டிசைன் வேலையை வெளியே கொடுத்துவிடுவாராம் முதலாளி. டிசைன் என்றால் நான் ஒருத்திதான்.

தினமும் காலையில் எல்லாக் கடையிலும் முதல் விற்பனை ஒரு ரூபாய் என்று பதிவு. ஒரு ரூபாய்க்குக் கறிவேப்பிலைகூட வராதே. திரையில் விலை போடும் பெட்டி குழப்புகிறது என்று நினைத்து அதைத் திரும்பத் திரும்ப மாற்றி வரைகிறேன். மண்டை காய்கிறது.

ஆப்பை விற்கிற கதிரேசன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, இன்னும் அந்தப் பொட்டியத்தான் நோண்டிக்கிட்டு இருக்கீங்களா?" விற்பனை ஆட்களுக்கு வாய்தான் மூலதனம்.

புதன், 10

காலையில் தூறல். முதலாளி உத்தரவு: கதிரேசனோடு பரவைக்குப் போய் நேரில் பார். அவன் வண்டியில். ஆபீஸ் இருக்கிற வில்லாபுரம் தொடங்கிப் பரவை வரை ஓயாத பேச்சு.

பாண்டியம்மாள் கடை. இந்த அம்மா எடுத்தால்தான் மற்றவர்கள் எடுப்பார்கள் என்றான். போனைத் திறந்தார். என் முதல் பக்கம்: 'இன்றைய விற்பனை 0'. கண்ணுக்குத் தெரியட்டும் என்று பெரிதாக வைத்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஒரு ரூபாய் என்று தட்டினார்.

"ஏம்மா ஒரு ரூவா?"

"போணி ஆகுறதுக்கு முந்தியே சைபரக் காட்டுனா யாவாரம் வெளங்குமா? இந்தத் தம்பிதான் ஒரு ரூவா போட்டு அத மாத்திக்கச் சொன்னாப்ல."

தம்பி வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கடையில் கதிரேசனைப் பிடித்தேன்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேனேக்கா. குட்மார்னிங் படம் தொல்லைன்னு நீங்கதான் வெளிய போயிட்டீங்க."

"நேர்ல சொல்ல வாய் இல்லையா?"

"ஒரு ரூவா, ஒரு ரூவான்னு வந்தப்ப நீங்க எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு தண்ணீர் கேன்தான். எரிச்சல். டீக்கு அவனே கொடுத்தான்.

வியாழன், 11

வெயில். சைபரைத் தூக்கியாயிற்று. முதல் விற்பனை வரை திரையில் எண்ணே கிடையாது. 'போணி' என்று ஒரு பச்சைப் பொத்தான் மட்டும்.

கதிரேசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பச்சை வேணாம், மஞ்ச வைங்கக்கா, மங்களமா இருக்கும்." மஞ்சளில் வெள்ளை எழுத்து தெரியாது என்றேன். கறுப்பு என்றால் முகம் சுளிக்கிறான். சண்டை. கடைசியில் மஞ்சளில் குங்குமச் சிவப்பு. நன்றாகத்தான் இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

சார்ஜர் வாங்க மறந்தாயிற்று.

வெள்ளி, 12

மூட்டம். மறுபடி பரவை, இருவரும். பாண்டியம்மாள் திரையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "லெச்சணமா இருக்கு." பிறகு என்னை ஏற இறங்க ஒரு பார்வை.

"நீதான செஞ்ச? நீயே போணி பண்ணு. ஒங் கைராசி எப்படின்னு பாப்போம். யாவாரம் படுத்துச்சுன்னா இத அழிச்சுப்புடுவேன்."

நான் வாங்கியது தக்காளி இரண்டு கிலோ. பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மஞ்சளை அழுத்தினார்.

ஆபீஸில் வேலை ஓடவில்லை. படித்த படிப்பெல்லாம் போய், என் பிழைப்பு தக்காளியில் தொங்குகிறது. வெளியே மழை வரும்போல. மார்க்கெட் கூட்டம் கலைந்துவிடுமே என்று பயம். கதிரேசன் பரவையிலேயே இருந்தான். இரண்டு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. பாவி.

மதியம் அவனே கூப்பிட்டான்.

"அம்புட்டும் தீந்துருச்சுக்கா. மழைக்கு முந்தியே. அந்தம்மா தொடருதாம், மத்த கடைக்காரங்களும் சரின்னுட்டாங்க. முதலாளிகிட்டச் சொல்லிட்டேன்."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆனா ஒரு சிக்கல்க்கா."

"என்ன?"

"நாளைக்கு எல்லாக் கடைக்கும் நீங்கதான் போணி பண்ணணுமாம். யார் கடைக்கு மொதல்லன்னு இப்பவே இங்க சண்டை."