உன் பெயர் ஒட்டியிருந்த தட்டு

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது. பூண்டும் பச்சை முட்டையும் எண்ணெயும் சேர்ந்து அடிபடும் வாசனை சன்னல் வழியே வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடிவந்து உட்கார்ந்திருக்கிறேன். பத்து மாதமாகியும் அந்த வாசனையைத் தாங்க முடியவில்லை. உன்னை விட்டால் இதை யாரிடம் சொல்வேன்?

மதுரை கோரிப்பாளையத்து மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடம் நமக்கு அடுத்தடுத்த மேசை. நீ வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாய், நான் வில்லாபுரத்திலிருந்து. அங்கே சேருவதற்கு முன் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் குடல் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தவள் நீ. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் அந்தக் கதைதான். குடலின் உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும்; சோற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் அவ்வளவுதான் சுவர் என்பாய். கெட்டுப்போன சாப்பாட்டில் வரும் சால்மோனெல்லாக் கிருமியைப் பற்றிப் பேசும்போது மட்டும் உன் குரல் தாழும்.

“அது கதவ ஒடைக்காதுடி. ஊசி மாதிரி குத்தி செல்லுக்குள்ள என்னத்தையோ விட்டுரும். அம்புட்டுத்தான். அப்புறம் செல்லே எந்திரிச்சு வந்து அத வாரி உள்ள இழுத்துக்கிரும். பாக்கவே பாவமா இருக்கும்.”

சித்திரை வெயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகளின் பிறந்தநாள். பொரித்த கோழியும் மயோனைஸும் கேட்டாள். கடையில் வாங்கப் பயந்து நானே பச்சை முட்டையைப் பூண்டும் எண்ணெயும் சேர்த்து அடித்துச் செய்தேன். ஃபிரிட்ஜில் இடமில்லை. கிண்ணத்தைச் சமையல் மேடையிலேயே வைத்தேன். பரிமாற மூன்று மணி நேரமாகிவிட்டது. கிருமியைத் தேடிப் பார்ப்பதே தொழிலாக வைத்திருப்பவள் நான். ஆனாலும் வைத்தேன்.

விருந்துக்கு உன் வீட்டிலிருந்து நீ மட்டும் வந்திருந்தாய். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாய்: “முட்டைய பச்சையாவா போட்ட?”

“காலைல வாங்குன முட்டைடி. ஒண்ணும் ஆகாது, சும்மா சாப்பிடு.”

“நீ சொன்னா சரி” என்று சிரித்துவிட்டுச் சாப்பிட்டாய். மூட்டுவாதத்துக்கு நீ எடுத்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் என்று எனக்குத் தெரியும். மாதாமாதம் உன் ரத்தத்தைச் சோதித்தவளே நான்தானே.

எங்களுக்கெல்லாம் இரண்டு நாள் வயிற்றோட்டம், காய்ச்சல், பிறகு சரியாகிவிட்டது. உன்னைச் செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் சேர்த்தார்கள். உன் ரத்தம் நம் கூடத்துக்கே வந்தது. அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்த தட்டை வியாழன் காலை திறந்தேன். உன் பெயர் ஒட்டிய தட்டில், நடுவில் கறுப்புப் புள்ளியோடு, சால்மோனெல்லா வட்ட வட்டமாக வளர்ந்திருந்தது. நூற்றுக்கணக்கான தட்டுகளில் பார்த்ததுதான். அன்று அதில் ஒட்டியிருந்த பெயரைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கிருமி அந்தச் சுவரைத் தாண்டி உன் ரத்தத்துக்குள் போய்விட்டது. மருத்துவருக்குப் போன் செய்து சொன்னவளும் நான்தான்.

அன்று மாலை உன்னைப் பார்க்க வந்தேன். உதடு வெடித்திருந்தது. “என்னாலதான்டி” என்றேன்.

“அழுகாத. எல்லாரும்தான தின்னாக. எனக்குத்தான் தாங்கல” என்றாய். பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு, “உள்ள ஒண்ணொண்ணா உதிருதுடி. எனக்குத் தெரியுது” என்றாய். உன் பழைய ஆராய்ச்சிக் கூடத்து நுண்ணோக்கிப் படத்தை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! பிடி விட்ட செல்கள் சுருண்டு உதிர, இடையில் ஓட்டை விழுந்த அந்தப் படம். அது உன் வயிற்றுக்குள் நடக்க, நான் உன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மருந்துகள் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். எதுவும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

உன் கணவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. காரியத்தன்று அவர் பக்கத்திலேயே நின்றேன். போன ஞாயிறுதான் வாடிப்பட்டிக்குப் போனேன். வாசலில் நின்றபடியே, “அண்ணே, அந்த மயோனைஸ் நான் செஞ்சது. வெயில்ல வெளிய வச்சிட்டேன். பச்ச முட்டையான்னு அவ கேட்டா. ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் சொன்னேன்” என்று கொட்டிவிட்டேன்.

அவர் வாசற்படிக்கு வந்தார்.

“தெரியும். ஆஸ்பத்திரியில சேத்த அன்னைக்கே அவ சொல்லிட்டா. உன்ன ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு என் கையப் புடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா. அதான் கேக்கல. நீயா வந்து சொல்லுவன்னு பத்து மாசம் பாத்தேன்.”

“அண்ணே...”

“சொல்லிட்டேல்ல” என்றார். கதவைப் பிடித்துக்கொண்டு, “போ” என்றார்.

உன் வீட்டிலிருந்து எத்தனை தடவை கிளம்பியிருப்பேன்! தெருமுனை வரை வந்து, “போயிட்டு வாம்மா” என்றுதான் அனுப்புவார். நீ என்னை மன்னித்துவிட்டுப் போயிருக்கிறாய், தெரிகிறது. ஆனால் பஸ்ஸில் மதுரை வந்து சேரும்வரை என் காதில் இருந்தது அவருடைய அந்த ஒற்றைச் சொல்தான். இப்போதும் இருக்கிறது. வா என்பது சேராத போ.